பின்களத்தில் நிற்பவர் மட்டும்தான் குற்றவாளியா?

டொரான்டோ, கனடா நாட்டின் மிகப் பெரிய நகரம். அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் வழியில் ஒரு காப்பிக் கடையில் நின்று சூடாக ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் போவார்கள்.

முதல் நாள் இரவு ஊர் அணி ஆக்கி ஆட்டத்தில் தோற்றிருந்தால் போதும். அந்தக் காப்பிக் கடை நீதிமன்றமாக மாறிவிடும்!

"அந்தப் பின்களத்து ஆளை முதலில் வெளியே அனுப்ப வேண்டும்!" என்பார் ஒருவர்.

"அவன் ஒருவனா? ஆறு பேரையும் மாற்ற வேண்டும்!" என்பார் இன்னொருவர்.

"பணத்தை எல்லாம் முன்களத்துக்குக் கொட்டினால் பின்களத்தில் யார் நிற்பார்கள்?" என்று மூன்றாமவர் கேட்பார்.

காப்பி ஆறிப் போகும். வழக்கு முடியாது!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவர்கள் காப்பி குடிக்கும் கடைக்கு "டிம் ஆர்ட்டன்ஸ்" என்று பெயர். கனடாவில் தெருவுக்குத் தெரு இருக்கும் கடை அது. டிம் ஆர்ட்டன் யார் தெரியுமா? அதே டொரான்டோ அணியில் ஆடியவர். அவரும் பின்களத்து ஆட்டக்காரர்தான்! 1964-ம் ஆண்டில் அவர் பெயரில் தொடங்கிய கடைதான் பிறகு நாடு முழுவதும் பரவியது.

பின்களத்து ஆட்டக்காரர் ஒருவர் பெயரில் உள்ள கடையில் உட்கார்ந்துகொண்டு, பின்களத்து ஆட்டக்காரர்களைத் திட்டுகிறார்கள்!

இது என்ன ஆட்டம்?

நம் ஊரில் ஆக்கி என்றால் புல்தரையில் ஆடுவது. கனடாவில் ஆக்கி என்றால் பனிக்கட்டித் தரையில் ஆடுவது. தரையின் நீளம் 200 அடி. அகலம் 85 அடி. ஆடுகிறவர்கள் காலணிக்கு அடியில் கத்தி போன்ற இரும்புத் தகடு இருக்கும். அதில் வழுக்கிக்கொண்டு காற்றாய்ப் பறப்பார்கள்.

பந்து கிடையாது. கெட்டியான ரப்பர் வட்டு. 3 அங்குலக் குறுக்களவு, 1 அங்குலக் கனம். நன்றாக ஓங்கி அடித்தால் மோட்டார் காரை விட வேகமாகப் போகும். மேலே பட்டால் எலும்பு முறியும்.

ஒரு நேரத்தில் ஒரு அணிக்கு ஆறு பேர் களத்தில் இருப்பார்கள். கோல் காப்பவர் ஒருவர். பின்களத்தில் இரண்டு பேர். முன்களத்தில் மூன்று பேர். முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் ஆடியதும் மூச்சு வாங்கும். உடனே வெளியே வந்து பெஞ்சில் உட்காருவார்கள். வேறு ஆட்கள் உள்ளே குதிப்பார்கள். அதனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆறு பின்களத்து ஆட்டக்காரர்கள் தயாராக இருப்பார்கள்.

முன்களத்துக்காரர் பத்து முறை முயன்று ஒன்பது முறை தவறினாலும், பத்தாவது முறை கோல் போட்டால் அவர் வீரர். பின்களத்துக்காரர் ஒன்பது முறை தடுத்துப் பத்தாவது முறை தவறினால் அவர் துரோகி!

வயலுக்குக் காவல் இருப்பவன் கதைதான் இது. திருட்டு நடக்காத இரவுகளுக்கு யாராவது அவனுக்கு நன்றி சொல்கிறார்களா? ஒரு நாள் திருடன் வந்துவிட்டால் மட்டும், "நீ தூங்கிவிட்டாயா?" என்று ஊரே கேட்கும்.

1967-க்குப் பிறகு...

டொரான்டோ அணியின் பெயர் "மேப்பிள் லீப்ஸ்". மேப்பிள் மரத்து இலைதான் அதன் சின்னம். வட அமெரிக்காவில் தொழில்முறை ஆக்கிக்கு உரிய பெரிய பரிசு "ஸ்டான்லி கோப்பை". அதை டொரான்டோ கடைசியாக வென்றது 1967-ம் ஆண்டு. அதன் பிறகு 2025 முடிய, ஒரு முறை கூட அந்தக் கோப்பை டொரான்டோவுக்கு வரவில்லை.

அன்று தந்தையின் தோளில் உட்கார்ந்து வெற்றி ஊர்வலம் பார்த்த குழந்தைகள், பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். ஸ்கார்பரோ பகுதியில் இலங்கைத் தமிழர் குடும்பங்கள் ஏராளம். அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிலும் நீலச் சட்டை போட்டுக்கொண்டு இந்த அணிக்காக ஏங்குகிறவர்கள் உண்டு.

இத்தனை வருட ஏக்கம் இருக்கும்போது கோபம் வராதா? வரும். நியாயமான கோபம்தான். ஆனால் அந்தக் கோபம் யார் மேல் விழுகிறது என்பதுதான் கேள்வி.

கலங்கிய கண்கள்

2018-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி. பாஸ்டன் நகரில் ஆட்டம். ஏழு ஆட்டத் தொடரில் அது ஏழாவது ஆட்டம். வென்றவர் மேலே போகலாம். தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

மூன்று பகுதியில் இரண்டு பகுதி முடிந்தபோது டொரான்டோ 4—3 என்று முன்னால் இருந்தது. இன்னும் இருபதே நிமிடம்!

நடந்தது என்ன? அந்த இருபது நிமிடத்தில் பாஸ்டன் நாலு கோல் போட்டது. டொரான்டோ ஒன்று கூடப் போடவில்லை. 7—4 என்று தோற்றது.

அன்று பின்களத்தில் ஆடியவர்களில் ஒருவர் ஜேக் கார்டினர். பாஸ்டன் முந்திய அந்த ஐந்தாவது கோலின்போது, எதிரி அவரைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் வட்டை உள்ளே தள்ளினார். தவறுதான். சந்தேகம் இல்லை.

இந்த ஆட்டத்தில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சம பலத்தில் ஆடும்போது நம் அணி கோல் போட்டால், அப்போது களத்தில் இருந்த நம் ஆட்களுக்கெல்லாம் ஒன்று கூட்டல். எதிரி போட்டால் ஒன்று கழித்தல். அன்று கார்டினர் கணக்கு என்ன? ஐந்து கழித்தல்!

ஆட்டம் முடிந்தது. பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கார்டினர் ஓடி ஒளியவில்லை. எதிரே வந்து நின்றார். கண்கள் கலங்கியிருந்தன. தோல்விக்குத் தன் பங்கு பெரியது என்று தானே ஒப்புக்கொண்டார்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவரை ஊர் மன்னித்ததா?

இல்லை! 2019-ம் ஆண்டு ஜனவரியில், சொந்த ஊரில், சொந்த அணியின் களத்தில், அவர் கைக்கு வட்டு வரும்போதெல்லாம் சொந்த ரசிகர்களே "ஊ... ஊ..." என்று கூவினார்கள். அந்த ஆண்டுக் கோடையில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. கரோலினா அணிக்குப் போய்விட்டார்.

ஒரு கோல் விழும்போது களத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள். வட்டை முதலில் பறிகொடுத்தவர் ஒருவர். எதிரியைத் துரத்தித் திரும்பி ஓடி வராதவர் இன்னொருவர். ஆனால் கடைசியாகக் கண்ணில் படுகிறவர் பின்களத்தில் நிற்பவர்தான். பழி அவர் தலையில்!

கணக்கைப் பாருங்கள்

கார்டினர் போய்விட்டாரே, பிறகு டொரான்டோ ஜெயித்ததா?

வென்றவர் மேலே, தோற்றவர் வீட்டுக்கு என்று இருந்த தீர்மான ஆட்டங்களில், டொரான்டோ போட்ட கோலும் வாங்கிய கோலும் இதோ:

2019-ல் பாஸ்டனிடம் 1—5.

2020-ல் கொலம்பசிடம் 0—3.

2021-ல் மான்ட்ரியலிடம் 1—3.

2022-ல் டம்பா பேயிடம் 1—2.

2024-ல் மறுபடியும் பாஸ்டனிடம் 1—2.

2025-ல் புளோரிடாவிடம் 1—6.

ஆறு தீர்மான ஆட்டங்கள். டொரான்டோ போட்ட கோல் மொத்தம் ஐந்து! எந்த ஆட்டத்திலும் இரண்டாவது கோல் இல்லை!

இந்த ஆறில் நாலு ஆட்டங்களில் எதிரி போட்டது இரண்டு அல்லது மூன்று கோல்தான். பின்களம் தன் வேலையைச் செய்திருக்கிறது. முன்களம் இன்னும் சில கோல் போட்டிருந்தால் கதையே வேறு.

2019-ம், 2025-ம் பின்களமும் சேர்ந்து சரிந்த ஆட்டங்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கோல் மட்டும் போட்டுவிட்டு ஜெயிக்க வேண்டும் என்றால், எந்தப் பின்களத்தால் முடியும்?

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கோல் போடாத முன்களத்தை விட்டுவிட்டுப் பின்களத்தைக் குறை சொல்வது இந்த ரகம்தான்.

பந்தியில் பாதிச் சோறு

காப்பிக் கடையில் மூன்றாமவர் கேட்டாரே, பணத்தைப் பற்றி. அவர் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது.

வட அமெரிக்க ஆக்கி லீக்கில் ஒரு சட்டம் உண்டு. ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கு ஓர் அணி இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று வரம்பு கட்டியிருக்கிறார்கள். 2019—20 பருவத்தில் அந்த வரம்பு 8 கோடியே 15 லட்சம் டாலர். கொரோனா நோய் வந்ததால் அடுத்த இரண்டு பருவங்களுக்கும் அதை உயர்த்தவில்லை.

அந்தப் பணத்தில் டொரான்டோ என்ன செய்தது? ஆஸ்டன் மாத்யூஸ், ஜான் டவாரெஸ், மிட்ச் மார்னர், வில்லியம் நைலாண்டர் என்ற நாலு முன்களத்துக்காரர்களுக்கு மட்டும் சுமார் பாதியைக் கொடுத்தது!

நாலு பேரும் கெட்டிக்காரர்கள். மாத்யூஸ் 2023—24 பருவத்தில் 69 கோல் போட்டவர். அவர்கள் திறமையில் குறை இல்லை. ஆனால் ஓர் அணியில் 23 பேர் வரை இருப்பார்கள். 23 இலை போட்ட பந்தியில், பாதிச் சோறு நாலு இலைக்குப் போய்விட்டால் மற்றவர்கள் இலையில் என்ன விழும்?

மிச்சம் இருப்பதில்தான் ஆறு, ஏழு பின்களத்துக்காரர்களைப் பிடிக்க வேண்டும். கோல் காப்பவர்களையும் பிடிக்க வேண்டும். மலிவாகக் கிடைத்தவர்களை வாங்கி, மிகக் கஷ்டமான இடத்தில் நிறுத்தினால், அவர்கள் தடுமாறத்தான் செய்வார்கள். குற்றம் தடுமாறியவருடையதா? அங்கே கொண்டுபோய் நிறுத்தியவருடையதா?

2024-ம் ஆண்டு ஜூலையில் நிர்வாகத்துக்குப் புத்தி வந்தது. கிறிஸ் டானெவ் என்ற அனுபவசாலியைப் பின்களத்துக்குக் கொண்டுவந்தார்கள். எதிரி அடிக்கும் வட்டுக்கு உடம்பைக் குறுக்கே கொடுத்துத் தடுக்கிறவர் அவர். அடுத்த பருவத்தில் டொரான்டோ தன் பிரிவில் முதல் இடம் பிடித்தது. ஆனால் கோப்பைச் சுற்றில் புளோரிடாவுடன் ஆடிய கடைசி நாலு ஆட்டங்களிலும் சேர்த்து, அணி போட்டது நாலே கோல். அந்த 2025-ம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் மார்னரும் லாஸ் வேகாஸ் அணிக்குப் போய்விட்டார்.

கூவி விரட்டினார்கள், கோப்பை வாங்கினார்!

ரசிகர்கள் கூவினால் ஆட்டக்காரருக்குத்தான் நஷ்டம் என்று நினைக்கிறீர்களா? இல்லை. நஷ்டம் அணிக்கு! இதற்கு டொரான்டோவிலேயே சாட்சி இருக்கிறது.

லாரி மர்பி. இவரும் பின்களத்து ஆட்டக்காரர். 1991-லும் 1992-லும் பிட்ஸ்பர்க் அணியோடு ஸ்டான்லி கோப்பை வென்றவர். 1995-ல் டொரான்டோவுக்கு வந்தார்.

வேகமாக ஓடுகிறவர் அல்ல. யோசித்து ஆடுகிறவர். அணி தோற்கத் தொடங்கியதும் ரசிகர்கள் கண் இவர் மேல் விழுந்தது. "நல்ல சம்பளம் வாங்குகிறான், மெதுவாக நகர்கிறான்" என்று கூவத் தொடங்கினார்கள். வட்டைத் தொட்டால் கூச்சல்!

1997-ம் ஆண்டு மார்ச்சில், நிர்வாகம் அவரை டெட்ராய்ட் அணிக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு வாங்கியது அநேகமாக ஒன்றுமே இல்லை!

டெட்ராய்ட்டின் பயிற்சியாளர் ஸ்காட்டி பௌமன். அவர் என்ன செய்தார்? மர்பியை நிக்லஸ் லிட்ஸ்ட்ராம் என்ற மிகச் சிறந்த பின்களத்துக்காரருக்கு ஜோடியாக நிறுத்தினார். அவ்வளவுதான்!

மூன்றே மாதம். 1997 ஜூனில் டெட்ராய்ட் ஸ்டான்லி கோப்பையை வென்றது. கோப்பையைத் தூக்கியவர்களில் மர்பியும் ஒருவர். 1998-லும் வென்றார்கள். அப்போதும் மர்பி இருந்தார். 2004-ல் ஆக்கி ஆட்டத்தின் "புகழ் மண்டபத்தில்" அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

மார்ச்சில் உதவாக்கரை. ஜூனில் வெற்றி வீரர். ஆள் மாறவில்லை. கை கால் மாறவில்லை. நின்ற இடமும், பக்கத்தில் நின்ற துணையும் மாறின. அவ்வளவுதான்!

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

கடைசி 55 வினாடி

இன்னொரு கதை. இதுதான் முக்கியமான கதை.

1967-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி. டொரான்டோவில் மான்ட்ரியல் அணியுடன் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். டொரான்டோ 2—1 என்று முன்னால் இருக்கிறது. இன்னும் 55 வினாடி. ஆட்டம் டொரான்டோவின் கோல் பக்கத்தில் மறுபடி தொடங்க வேண்டும். மான்ட்ரியல் தன் கோல் காப்பவரையும் வெளியே எடுத்துவிட்டு, கூடுதலாக ஒரு தாக்கும் ஆளை இறக்கிவிட்டது.

நடுவர் வட்டைப் போடும்போது எதிரே நின்று அதைக் கைப்பற்ற வேண்டும். வழக்கமாக அது முன்களத்துக்காரரின் வேலை. டொரான்டோ பயிற்சியாளர் பஞ்ச் இம்லாக் யாரை அனுப்பினார்? ஆலன் ஸ்டான்லியை! பின்களத்து ஆட்டக்காரர். வயது 41! கூடவே நம் டிம் ஆர்ட்டனும் களத்தில் நின்றார்.

வட்டு விழுந்தது. ஸ்டான்லி எதிரியைத் தடுத்து மறித்தார். வட்டு டொரான்டோ கைக்கு வந்தது. ஒருவர் இன்னொருவருக்குத் தள்ள, கடைசியில் ஜார்ஜ் ஆர்ம்ஸ்ட்ராங் காலியாகக் கிடந்த கோலுக்குள் அடித்தார். 3—1. கோப்பை டொரான்டோவுக்கு!

இந்த ஆலன் ஸ்டான்லி யார் தெரியுமா? அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் நியூயார்க் அணியில் ஆடியவர். அங்கே ரசிகர்கள் அவரை "மெதுவாக நகர்கிறவன்" என்று சொல்லிக் கூவிக் கூவி வதைத்தார்கள். கூச்சல் தாங்காமல், சொந்த ஊரில் நடக்கும் ஆட்டங்களில் இறக்காமல், வெளியூர் ஆட்டங்களில் மட்டும் அவரை ஆடவிட்டுப் பார்த்தார் நிர்வாகி. அப்படியும் கூச்சல் அடங்கவில்லை. 1954-ல் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

நியூயார்க் கூவி விரட்டிய ஆள்தான், டொரான்டோவின் கடைசிக் கோப்பையைக் காத்துக் கொடுத்தார். டொரான்டோ கூவி விரட்டிய ஆள், டெட்ராய்ட்டுக்குக் கோப்பை வாங்கிக் கொடுக்க உதவினார்!

இதற்கு மேல் என்ன பாடம் வேண்டும்?

ரசிகர்கள் பேசவே கூடாதா?

பேச வேண்டும்! தாராளமாகப் பேச வேண்டும். காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறவர்கள் அவர்கள். மழையிலும் பனியிலும் அணியை விட்டுப் போகாதவர்கள் அவர்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஆனால் தீர்ப்புச் சொல்லும் முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

ஒன்று: வட்டை முதலில் பறிகொடுத்தவர் யார்?

இரண்டு: இந்தப் பின்களத்துக்காரர் யாரை எதிர்த்து, எத்தனை நிமிடம் ஆடினார்? எதிரியின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களை இரவு முழுவதும் தடுத்தவருக்கும், நோஞ்சான்களைப் பத்து நிமிடம் தடுத்தவருக்கும் ஒரே கணக்குப் போடலாமா?

மூன்று: அவரை அந்த இடத்தில், அந்தத் துணையோடு நிறுத்தியவர் யார்?

இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு யாரை மாற்ற வேண்டும், யாரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று வாதாடினால் அது நல்ல வாதம். நிர்வாகமும் காது கொடுத்துக் கேட்கும்.

தவறு செய்தவன் முதுகில் ஆயிரக்கணக்கானோர் கூச்சல் விழுந்தால், அடுத்த முறை அவன் கை நடுங்கும். நடுங்கும் கை இன்னொரு தவறு செய்யும். அப்புறம் தோற்பது யார்? கூவியவர்களின் அணிதான்!

தகப்பனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிறு பிள்ளைகளும் ஆட்டம் பார்க்கிறார்கள். கோல் எப்படிப் போடுவது என்று மட்டும் அவர்கள் கற்றுக்கொள்வதில்லை. தவறிவிட்ட மனிதனை எப்படி நடத்துவது என்பதையும் அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள். நாளைக்குப் பரீட்சையில் தவறிய தம்பியிடம், குழம்பில் உப்பை மறந்த தாயிடம், வேலையில் பிழை செய்த தோழனிடம் அதே குரலில்தான் பேசுவார்கள்.

1967-ல் கடைசி 55 வினாடிக்கு இம்லாக் தேடியது, கூச்சலைத் தாங்கித் தழும்பேறிய ஒரு 41 வயதுக்காரரை. அடுத்த கோப்பை டொரான்டோவுக்கு வரும் நாளிலும், கடைசி நிமிடத்தில் கோலுக்கு முன்னால் ஒரு பின்களத்துக்காரர் நிற்பார்.

அதுவரை அவரைக் கூவி விரட்டிவிடாமல் இருந்தால் சரி!